ஜார்ஜ்டவுன் சனிக்கிழமை வகுப்பு: ஒரு வருஷம் அனுப்பிப் பார்த்த பிறகு

சின்னப் பிள்ளைகளுக்கு அன்பாகப் பழகவும், பகடிவதை (புல்லியிங்) என்றால் என்ன, அதைப் பார்த்தால் என்ன செய்வது என்றும் சொல்லித் தருகிற ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு என் மகனை இந்த வருஷம் (2025) ஜனவரியிலிருந்து அனுப்பி வருகிறேன். பினாங்கு லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம், பழைய கடைவீடு ஒன்றின் மாடி. 4 வயது முதல் 6 வயது வரை, வகுப்புக்கு 14 பிள்ளைகள், காலை 9.30 முதல் 11.30 வரை, மாதம் 120 வெள்ளி (ரிங்கிட்). நடத்துகிறவர் பாலர் பள்ளியில் பல வருஷம் வேலை செய்த ஒரு டீச்சர், உதவிக்கு இன்னொருவர். குறைகளையும் எழுதப் போவதால் பெயர் போடவில்லை. அதோடு அது சின்ன இடம், அடுத்த வருஷத்துக்கு இப்போதே ஆள் நிறைந்துவிட்டது. இப்படிப்பட்ட வகுப்புக்குக் காசு கட்டலாமா, எதைப் பார்த்துச் சேர்ப்பது என்று என்னிடம் நாலைந்து அம்மாக்கள் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நான் ஏன் தேடிப் போனேன் என்று சொல்ல வேண்டும். போன வருஷம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலில் மகனுக்கு மொட்டை போட்டோம், அப்போது அவனுக்கு 4 வயது. படி 513-ஐயும் பாதி நடந்து பாதி அவன் அப்பா தோளில் ஏறி முடித்துவிட்டு, தலை நிறையச் சந்தனத்தோடு அவ்வளவு சந்தோஷமாக வந்தான். திங்கட்கிழமை பாலர் பள்ளிக்குப் போனவன் மதியம் தொப்பியைக் கழற்றவே மாட்டேன் என்று அழுதான். ரெண்டு மூணு பையன்கள் சேர்ந்து "போத்தாக், போத்தாக்" (மலாயில் மொட்டை) என்று சொல்லிச் சொல்லித் தலையில் தட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் என்றால் பரவாயில்லை, பிள்ளைகள் புதுசாக எதைப் பார்த்தாலும் சிரிக்கத்தான் செய்வார்கள். முடி வளர்கிற வரைக்கும், கிட்டத்தட்ட ஆறு வாரம், தினமும் நடந்தது. போய்ச் சொன்னதற்கு, "சின்னப் பசங்கதானே மேடம், விளையாட்டுக்குச் சொல்றாங்க" என்றார்கள். அந்த ஆறு வாரத்தில் அவன் ராத்திரி தூங்கும்போதும் தொப்பி போட்டிருந்தான். அவன் தூங்கின பிறகு நான் மெல்லக் கழற்றி வைப்பேன், விழித்தவுடன் முதலில் அதைத்தான் தேடுவான்.

பகடிவதையை முறையாக ஆராய ஆரம்பித்தவர் என்று டான் ஓல்வியஸைச் சொல்வார்கள், 1970களிலிருந்து ஸ்வீடனிலும் நார்வேயிலும் வேலை செய்தவர். அவர் மூன்று விஷயம் பார்க்கச் சொன்னார்: வேண்டுமென்று செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, ஒரு பக்கம் பலம் கூடுதலாக இருப்பது. பொம்மைக்காக ரெண்டு பேர் அடித்துக்கொள்வது இதில் வராது, நாளைக்கே சேர்ந்து விளையாடுவார்கள். என் மகனுக்கு நடந்ததில் மூன்றும் இருந்தது. நாலு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல்லைப் போடலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். தட்டின பிள்ளைகளுக்கும் நாலு வயதுதான், அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன். பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் அதை நிறுத்தியிருக்க வேண்டும், அதுதான் என் ஆதங்கம்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். இவர்கள் பாடத்தைப் பண்டிகைகளையும் பருவங்களையும் வைத்து அமைத்திருக்கிறார்கள். நமக்கு நாலு பருவம் கிடையாது. மழை, வெயில், புகைமூட்டம், டுரியான், நடுவில் எல்லா இனத்துப் பண்டிகையும், அதுதான் நம் வருஷம். 'கருணை என்றால் என்ன' என்று பலகையில் எழுதிப் போட்டுப் பேசினால் அஞ்சு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் ஏறாது. ஆனால் வீட்டில் பொங்கல் என்று எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கிற வாரத்தில் கையில் ஒரு பிடி அரிசி மாவைக் கொடுத்து ஒன்றைச் சொன்னால், அந்த மாவு ஞாபகம் இருக்கிற வரைக்கும் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. வருஷம் முழுக்கப் பார்த்துவிட்டு நான் சொல்வது, கையால் செய்ய வைத்த வாரங்கள் எல்லாம் பலித்தன, வாயால் சொன்ன வாரங்கள் பலிக்கவில்லை.

முதல் வகுப்பே பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை. தரையில் டீச்சர் புள்ளி வைத்திருந்தார், ஒரு பிள்ளைக்கு ஒரு புள்ளி. பக்கத்துப் புள்ளிக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் கோட்டை இழுக்க வேண்டும், ஒருவர் விட்டுவிட்டாலும் கோலம் மூடாது. ஒரு பையன் பக்கத்துப் பிள்ளையின் புள்ளியைக் காலால் தேய்த்துவிட்டான். டீச்சர் அவனைத் திட்டவில்லை, அழுத பிள்ளையைத் தூக்கவும் இல்லை. மற்ற பன்னிரண்டு பேரைப் பார்த்து, "இப்ப கோலம் உடைஞ்சு போச்சு, என்ன செய்யலாம்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பெண் பிள்ளை தன் கையிலிருந்த மாவில் பாதியைக் கொண்டுவந்து அழுதவள் கையில் போட்டாள். தேய்த்த பையனிடம் டீச்சர் தாழ்ந்த குரலில், "நீயும் கொஞ்சம் போடு, உன் கோடும் இதுலதானே சேருது" என்றார். அவன் போட்டான். நான் கதவு ஓரமாக நின்று பார்த்தேன். முதல் நாள் பெற்றோரை உள்ளே விடுகிறார்கள், அது நல்ல வழக்கம். வகுப்பு முடிந்து போகும்போது, மாவை எறும்பு சாப்பிடும், அதனால் யாரும் மிதிக்காமல் சுற்றிப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். என் மகன் இப்போதும் வாசல் கோலத்தைச் சுற்றித்தான் போகிறான்.

சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம், இரண்டு இரண்டாக, இரண்டு கையாலும் கொடுப்பது, வாங்கியவரும் இரண்டைத் திருப்பித் தருவது. சின்னப் பாடம், நன்றாக இருந்தது.

தைப்பூசம்தான் இந்த வகுப்பின் உயிர் என்பேன். பண்டிகைக்கு முன்னால் இரண்டு சனிக்கிழமை தண்ணீர்ப் பந்தல் விளையாட்டு. பினாங்கில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பினால் வழி நெடுகத் தேங்காய் உடைபடும், பந்தலுக்குப் பந்தல் சாப்பாடும் தண்ணீரும் கொடுப்பார்கள், வருகிறவர் யார் என்ன இனம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதையே மாடி அறையில் வைத்துப் பழக்கினார்கள். ஜக்கிலிருந்து கப்பில் ஊற்ற வேண்டும், ரெண்டு கையால் பிடிக்க வேண்டும், வருகிறவர் முகத்தைப் பார்த்து "தண்ணி வேணுமா?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் சரி என்று சொல்ல வேண்டும், கோபப்படக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்துக்கு அவ்வளவு நேரம் எடுத்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் கொடுக்கத்தான் ஆசைப்பட்டார்கள், யாரும் வேண்டாம் என்று சொன்னால் முகம் சுண்டிப்போனது. ஒருத்தன் அழுதே விட்டான். "அவங்களுக்கு இப்ப தாகம் இல்ல, உன்னைப் பிடிக்கலைன்னு அர்த்தம் இல்ல" என்று டீச்சர் சொன்னதை என் மகன் வீட்டில் வந்து அப்படியே அவன் பாட்டியிடம் சொன்னான், அவர் ரெண்டாவது தோசை வேண்டாம் என்றபோது.

தைப்பூசம் முடிந்த சனிக்கிழமை மூன்று பிள்ளைகள் மொட்டைத் தலையோடு வந்தார்கள். டீச்சருக்கு இது தெரிந்துதான் இருந்தது, ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்து வைத்திருந்தார். மூவரையும் நடுவில் உட்கார வைத்து, ஏன் மொட்டை போட்டார்கள், கத்தி வைத்தபோது எப்படி இருந்தது, யார் மடியில் உட்கார்ந்தார்கள் என்று அவர்களையே சொல்ல விட்டார். மற்றவர்களுக்குத் தொட்டுப் பார்க்க ஆசை. கேட்டுவிட்டுத் தொடலாம் என்றார். ரெண்டு பேர் சரி என்றார்கள், சந்தனம் பூசவும் விட்டார்கள். மூணாவது, ஒரு பெண் குழந்தை, தலையைக் கையால் மூடிக்கொண்டு "வேணாம்" என்றாள். உடனே டீச்சர், "எல்லாரும் கையை மடியில வைங்க" என்றார். அவ்வளவுதான். அவளை ஒருவரும் தொடவில்லை, ஏன் என்றும் யாரும் கேட்கவில்லை, வகுப்பு அப்படியே அடுத்த வேலைக்குப் போய்விட்டது. கிளம்புகிற நேரத்தில் என் மகன் அவள் பக்கத்தில் போய், "எனக்கும் போன வருஷம் போட்டாங்க, சில்லுன்னு இருக்கும், அப்புறம் முடி குத்தும், அப்புறம் சரியாயிடும்" என்று சொன்னான். அவன் அதைப் பற்றி வெளியாள் ஒருவரிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. படியில் இறங்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனிக் குறைகள். நோன்பு மாதத்தில் செய்தது எனக்குப் போதவில்லை. பச்சைத் தாளில் பிறை வெட்டி ஒட்டினார்கள், அதோடு சரி. இந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் பக்கத்து வீட்டில் மலாய்க் கூட்டாளி இருக்கிறார்கள். நோன்பு வைத்த கூட்டாளி முன்னால் எப்படி நடந்துகொள்வது, பக்கத்து வீட்டில் பூபூர் லம்பொக் (நோன்புக் கஞ்சி) கொடுத்தால் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காமல் எதையாவது வைத்துக் கொடுப்பது, இதையெல்லாம் செய்ய வைத்திருக்கலாம். பிறை வெட்டினதில் என் மகன் கத்தரிக்கோல் பிடிக்கத்தான் பழகினான்.

ஜூன் மாத டுரியான் பாடமும் அப்படித்தான். டுரியான் தோட்டங்கள் இருக்கிற பாலிக் பூலாவிலிருந்து நல்ல பழமாகத்தான் வாங்கி வந்தார்கள், செலவுக்குக் குறை சொல்லமாட்டேன். வெளியே முள், உள்ளே இனிப்பு, சில மனிதர்களும் அப்படித்தான் என்று விளக்கினார்கள். அஞ்சு வயதுக்கு உவமை புரியாது. மகன் வீட்டுக்கு வந்து, "முள்ளு இருக்கிறவங்களை நாம சாப்பிடணும்" என்று சொன்னான். இன்னொரு விஷயமும் எனக்கு உறுத்தியது. நம்மை அடிக்கிறவன் உள்ளுக்குள் இனிப்பானவன், பொறுத்துக்கொள் என்று ஒரு பிள்ளை அதை எடுத்துக்கொண்டால்? இதை டீச்சரிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, அடுத்த வருஷம் அதை எடுத்துவிடுகிறேன் என்றார்.

பெரிய குறை நட்சத்திர அட்டை. ஆகஸ்டில் ஆரம்பித்தார்கள். யாராவது நல்ல காரியம் செய்தால் பெயருக்கு நேராக ஒரு நட்சத்திர ஸ்டிக்கர், பத்து சேர்ந்தால் பரிசு. ரெண்டே வாரத்தில் வீட்டுக்கு அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். தங்கச்சிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான், "இதுக்கு ஸ்டார் இல்லையா?" என்று. வகுப்பில் ஒருத்தி கீழே விழுந்தபோது மூணு பேர் ஓடிப்போய்த் தூக்கப் போட்டியிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த வார்னெக்கன், டோமசெல்லோ இருவரும் 2008-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இதைத்தான் சொல்கிறது: 20 மாதக் குழந்தைகள் தானாகவே உதவி செய்வார்கள். உதவினதற்குப் பொருளைப் பரிசாகக் கொடுத்துப் பழக்கிவிட்டால், பரிசு நின்ற பிறகு, எதுவும் வாங்காத குழந்தைகளையும் வெறும் பாராட்டு மட்டும் கேட்ட குழந்தைகளையும் விடக் குறைவாகத்தான் உதவினார்கள். நான் இதை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சில பெற்றோர் என்னோடு சண்டைக்கு வந்தார்கள், பிள்ளைக்கு ஊக்கம் வேண்டாமா என்று. செப்டம்பர் கடைசியில் அட்டையை எடுத்துவிட்டார்கள். எடுத்ததற்கு மரியாதை, ஆனால் ரெண்டு மாதம் வீணானது வீணானதுதான், என் மகன் அந்தப் பழக்கத்தை விட நவம்பர் ஆயிற்று.

பெற்றோருக்கு ஒன்றும் எழுதித் தருவதில்லை என்பதும் ஒரு குறை. அந்த வாரம் என்ன செய்தார்கள், என்ன வார்த்தை சொல்லிக் கொடுத்தார்கள் என்று ரெண்டு வரி அனுப்பினால் வீட்டிலும் அதே வார்த்தையைச் சொல்லலாம். நான் பிள்ளையிடம் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதோடு, அடிவாங்கின பிள்ளைக்குப் பாடம் நிறைய இருக்கிறது, பார்க்கிற பிள்ளைக்கும் இருக்கிறது, அடிக்கிற பிள்ளையின் அம்மா அப்பாவிடம் பேசுகிற ஏற்பாடு ஏதும் இல்லை. கோலத்தைத் தேய்த்த பையன் ஏப்ரலோடு நின்றுவிட்டான். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத்தான் இந்த வகுப்பு ரொம்பத் தேவைப்பட்டது என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

தீபாவளிக்கு மறுபடி எழுந்து நின்றார்கள். வகுப்புக்குப் புதுத்துணி போட்டு அனுப்ப வேண்டாம், பழசே போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், எல்லா வீட்டிலும் நாலு செட் எடுக்க முடியாது என்பதைத் தெரிந்தவர்கள் செய்கிற காரியம் அது. முறுக்கு மாவைப் பிழிய விட்டார்கள், மாவைப் பிடித்துக்கொள்ள ஒருவர், அச்சை அழுத்த ஒருவர், தட்டைத் திருப்ப ஒருவர். அப்புறம் திறந்த இல்ல உபசரிப்பு விளையாட்டு. ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர்கள் விருந்தாளிகள். வீட்டுக்காரரின் ஒரே வேலை, யாரும் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது. தனியாக யாராவது இருந்தால் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இல்லை தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். வேண்டுமென்றே ஒரு பிள்ளையை மூலையில் உட்கார வைத்துவிட்டு, யார் முதலில் கவனிக்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

மூலையில் இருப்பவரைக் கவனிப்பது, இதைத்தான் வருஷம் முழுக்க ஒவ்வொரு பண்டிகையிலும் வேறு வேறு விதமாகச் செய்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கனடாவில் பள்ளித் திடல்களில் படம் பிடித்துப் பார்த்த ஒரு ஆய்வு 2001-இல் வந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு பிள்ளை குறுக்கிட்ட தடவைகளில் பாதிக்கு மேல், 57 சதவிகிதம், பகடிவதை 10 வினாடிக்குள் நின்றுபோனது. பத்து வினாடி! பெரியவர் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து வருவதற்குள். அதனால்தான் இவர்கள் மூணாவது ஆளுக்கு வசனமே சொல்லிக் கொடுக்கிறார்கள். "நிறுத்து, அவனுக்குப் பிடிக்கல." "நீ வா, என் கூட விளையாடு." பயமாக இருந்தால் எதையும் சொல்லாமல் நேரே பெரியவரிடம் ஓடு. கோள் சொல்வதற்கும் உதவி கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தையும் அழகாகச் சொன்னார்கள்: ஒருத்தரை மாட்டிவிடச் சொன்னால் கோள், ஒருத்தரைக் காப்பாற்றச் சொன்னால் உதவி. என் மகன் இதைத் தலைகீழாக ஒப்பிக்கிறான்.

நம் ஊரில் இது சும்மா ஒரு நல்லொழுக்கப் பாடமாக நின்றுவிடக் கூடாது என்று எனக்கு ஒரு தவிப்பு இருக்கிறது. 2024 ஜூலையில் கோலாலம்பூரில் நம் பெண் ஒருத்தி இணையத்தில் வந்த வசைகளைத் தாங்க முடியாமல் உயிரை விட்டாள். அந்த விவகாரத்தில் ஒருவருக்கு 100 வெள்ளி அபராதம் என்று கேட்டபோது நாடே கொதித்தது. அப்புறம்தான் தண்டனைச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2025 ஜூலை 11 முதல் பகடிவதைக்குத் தனிப் பிரிவுகள் நடப்பில் இருக்கின்றன. சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் அடுத்தவர் அழுவதைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் இருபது வயதில் புதிதாக வருவதில்லை, அதற்கு முன்னாலேயே யாரோ பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். பிள்ளைக்கு ஏதாவது நடந்து யாரிடம் சொல்வதென்று தெரியாவிட்டால் 15999, தாலியான் காசே என்கிற அரசாங்க உதவித் தொலைபேசி, 24 மணி நேரமும் எடுப்பார்கள். இந்த எண்ணை வகுப்பின் கதவிலும் ஒட்டியிருக்கிறார்கள்.

பலன் தெரிந்ததா என்று கேட்பீர்கள். போன மாதம் வீட்டுக்குப் பக்கத்து விளையாட்டுத் திடலில், சறுக்குமரத்துக்குக் கீழே மூணு பிள்ளைகள் ஒரு குட்டிப் பெண்ணிடம் "ஐ டோன்ட் ஃபிரெண்ட் யூ" என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் கிட்ட வந்தாள், அவர்கள் ஒவ்வொரு தடவையும் தள்ளிப் போனார்கள். நான் எழுந்தேன். அதற்குள் என் மகன் கையில் குச்சியோடு அவளிடம் போய், "அங்க பெரிய எறும்புப் புத்து இருக்கு, பாக்கறியா?" என்று மலாயில் கேட்டான். சொல்லிக் கொடுத்த வசனத்தில் அது இல்லை, அவனாகச் சொன்னது. ரெண்டு பேரும் போய்க் குந்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த மூணு பேரில் ஒருத்தியும் எறும்பு பார்க்க வந்து நின்றாள், அவளுக்கும் நகர்ந்து இடம் விட்டார்கள். எல்லா நாளும் இப்படி இருக்கிறான் என்று சொல்லமாட்டேன், தங்கச்சியின் பொம்மையை நேற்றுக்கூடப் பிடுங்கினான்.

120 வெள்ளி கூடுதலா என்றால், மாதம் நாலு வகுப்புக்கு அது நியாயம்தான், இரண்டு பிள்ளை இருந்தால் கஷ்டம், அண்ணன் தம்பி தள்ளுபடி கிடையாது. கீழே வண்டி நிறுத்த இடம் தேடுவது பெரிய பாடு, 9 மணிக்கே போய்விடுங்கள். வேறு ஊரில், வேறு வகுப்பில் சேர்க்கப் போகிறவர்கள் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள்: ஒரு பிள்ளை அழும்போது டீச்சர் மற்ற பிள்ளைகளைப் பார்க்கிறாரா? சுவரில் நட்சத்திர அட்டை தொங்குகிறதா? ஒரு குழந்தை 'வேணாம்' என்றால் அது செல்லுபடியாகிறதா? எனக்கு இந்த மூன்றும் போதும். ஐந்துக்கு நாலு கொடுப்பேன், நோன்பு மாதத்தைச் சரி செய்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

அடுத்த வருஷத்துக்கும் அவனைச் சேர்த்துவிட்டேன். தைப்பூசம் 2026 பிப்ரவரி 1-ஆம் தேதி வருகிறது, மொட்டை போடலாமா என்று இந்தத் தடவை அவனே கேட்டான், தொப்பி பற்றி எதுவும் சொல்லவில்லை. வகுப்பு ஜனவரி 10-இல் தொடங்குகிறது. வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் அரிசி மாவு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். புதுசாக வருகிற பிள்ளைக்கும் சேர்த்து ரெண்டு கிண்ணம் வேண்டும் என்கிறான்.